தெற்குப் பொந்துப் பல்லி

ஒரு காட்டில், எந்தக் காடு என்று கேட்காதீர்கள், கேட்டால் சண்டைக்கு வருவார்கள், பெரிய ஆலமரம் ஒன்று நின்றது. அதன் தெற்குப் பொந்தில் பிச்சாண்டி என்ற கிழட்டுப் பல்லி குடியிருந்தது. வடக்குப் பொந்தில் வெள்ளைத்தாய் என்ற பல்லி. எது தெற்கு, எது வடக்கு என்பதற்கு மரத்தடியில் ஒரு திசைக்கல். சர்வேயர் உடும்பு நட்டது.

அந்தக் காட்டில் பல்லி சொல்லாமல் யாரும் வெளியே கிளம்ப மாட்டார்கள். வடக்கிலிருந்து சொன்னால் போன காரியம் பழம். தெற்கு எமன் திசையாயிற்றே, அங்கிருந்து சொன்னால் எல்லாம் பாழ். அதனால் வெள்ளைத்தாய் வாயைத் திறந்தால் கும்பிடு, பிச்சாண்டி வாயைத் திறந்தால் கல்லடி. இத்தனைக்கும் இரண்டும் சொன்னது ஒரே ‘ச்சு ச்சு’தான்.

ஒருநாள் மேயப் போன முயலுக்கு முள்ளில் மாட்டிக் காது கிழிந்தது. கூட்டம் கூடியது. "காலையில தெற்கில இருந்து சொன்னது இந்தக் கிழவன்தான். நாளைக்குள்ள மரத்தை விட்டு இறங்கணும்" என்று தீர்ப்பு.

பிச்சாண்டி எட்டிப் பார்த்தது. கீழே சருகெல்லாம் பாம்பு. இந்த வயதில் வேறு மரம் போய்ச் சேருவதற்குள் பாம்பு வயிற்றில் போய்ச் சேர வேண்டியதுதான். மனு கொடுக்கலாம் என்று மரத்தின் வேரடியில் இருந்த சர்வேயர் ஆபீசுக்கு இறங்கியது. வரிசையில் முன்னால் ஒரு ஓணான்.

"உனக்கு என்னப்பா?"

"வேலியில குடியிருக்கேன் அண்ணே. எந்தப் பக்கத்து ஆளுன்னு கேட்டு ரெண்டு பக்கமும் அடிக்கிறாங்க."

"நீ கொடுத்து வெச்சவன்டா. எனக்கு நாலு பக்கமும்."

அதற்குள் உடும்பு விபூதி பூசிக்கொண்டு வெளியே வந்தது. பெரிய காட்டில் அதற்குப் பதவி உயர்வு நேர்காணல். "இன்னைக்கு ஆபீஸ் இல்ல, போங்க" என்று விரட்டியது. ஆனால் தானும் நகரவில்லை. மேலே பார்த்து, "ஏம்மா வெள்ளைத்தாயி, ஒரு வார்த்தை சொல்லும்மா" என்று கெஞ்சியது. வெள்ளைத்தாய் விட்டில்பூச்சியை மூக்குமுட்டத் தின்றுவிட்டுத் தூக்கத்தில் இருந்தது. வெயில் ஏறியது. உடும்புக்கு வேர்த்துக் கொட்டியது.

"பொந்துக்குப் போய் நான் வேணா சொல்லட்டுங்களா?" என்றது பிச்சாண்டி.

"வாயைத் திறந்தே, வாலை மிதிச்சிடுவேன். நீ தெற்குய்யா!"

"யாருங்க சொன்னது?"

"கல்லு சொல்லுது."

"கல்லை நட்டது யாருங்க?"

உடும்பு சுற்றுமுற்றும் பார்த்தது. ஓணானிடம், "நீ அந்தப் பக்கம் திரும்பி நில்லு" என்றது. கல்லைக் கட்டிப் பிடித்தது. உடும்புப் பிடியாயிற்றே, ஒரே திருகில் கல் அரைவட்டம் சுற்றிவிட்டது.

பிச்சாண்டி பொந்துக்கு ஏறி, வடக்கிலிருந்து, "ச்சு ச்சு" என்றது.

உடும்புக்குப் பதவி உயர்வு கிடைத்தது. நேர்காணலுக்கு வந்தது அது ஒன்றுதான் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் சூரியன் மேற்கே உதித்தது. தப்பான திசை பார்த்துக் கூவியதற்குக் காட்டுச்சேவலிடம் விளக்கம் கேட்டார்கள். தெற்குப் பொந்தைக் காலி செய்ய வந்த கூட்டம் கல்லைப் பார்த்தது, மரத்தைச் சுற்றிப் போய் வெள்ளைத்தாயின் முன் நின்றது.

"என்னங்க எல்லாரும் கல்லோட வந்திருக்கீங்க?" என்று தூக்கம் கலைந்த வெள்ளைத்தாய் கண்ணை நக்கித் துடைத்துக்கொண்டே கேட்டது.

"தெற்கில உக்காந்துக்கிட்டு என்னம்மா பேச்சு?" என்றது முயல்.

மானுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "பெரியவரே, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. பாவம்" என்று பிச்சாண்டியிடம் வந்தது.

சொல்லியிருக்கலாம். ஆனால் தன்மேல் கல் விழுந்த நாளெல்லாம் அந்தப் பக்கம் வெள்ளைத்தாய் ஏப்பம் விட்ட சத்தம் பிச்சாண்டியின் காதிலேயே இருந்தது.

"நான் என்னத்தைச் சொல்ல? கல்லுல இருக்கிறதுதான்" என்றது. பிறகு எட்டிப் பார்த்து, "யாருப்பா அது, தாழ எறியாதீங்க. பொந்து வாசல்ல பட்டு விழுந்துரும். கொஞ்சம் உயர எறிங்க. பட்டவன் சொல்றேன்" என்றது.

நீதி: இருக்கும் இடம் சரியில்லை என்றால் இடம் மாறாதே, திசைக்கல் நட்டவருக்கு அவசர வேலை இருக்கும் நாளாகப் பார்த்து எதிரே போய் நில்.