மாமாவின் மூக்கு வளர்ந்த வாரம்

மாமனாரின் மூக்கு ஒரே இரவில் அரை விரல் நீளம் வளர்ந்திருந்தது.

லிஃப்ட் மெக்கானிக் தூரிகையை வாயில் கவ்விக்கொண்டு கேன்வாஸைப் பார்த்தார். எதிரே நாற்காலியில் இருந்த மாமனாரைப் பார்த்தார். மறுபடியும் கேன்வாஸைப் பார்த்தார். நேற்று அவர் தீட்டியது உருளைக்கிழங்கு மூக்கு. இன்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தது கேரட்.

ஓவிய வகுப்பில் ஆரஞ்சுப்பழம் வரைந்தே அவருக்கு இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இந்தத் தடவை டீச்சர் கறாராகச் சொல்லியிருந்தார்.

"கண்காட்சிக்கு ஒரு முகம் வந்தாகணும் சார். பார்த்ததும் யாருன்னு தெரியணும். இல்லேன்னா மறுபடியும் ஆரஞ்சு பெஞ்சுதான்."

ஆரஞ்சு பெஞ்சில் இருந்த மற்றவர்களுக்கு இன்னும் பால்பல்லே விழவில்லை.

ஆகவே ஒரு வாரம் லீவு போட்டார். மாமனாரிடம் கெஞ்சினார். "உங்க கலைக்கு என் முகம் உதவும்னா எடுத்துக்குங்க மாப்பிள்ளை" என்று அவரும் பெரிய மனசு பண்ணினார். குளிருக்குக் கம்பளிக் குல்லாயும் சால்வையுமாக மாடி அறைக்கு வந்து மதியம் முழுக்க உட்கார ஏற்பாடு. பேசினால் வாய் கோணும் என்பதால் பேச்சுக்குத் தடை.

டீச்சர் ஒரு பயிற்சியும் கொடுத்திருந்தார். "ஆளைப் பார்க்காதீங்க. பார்த்தா நமக்குத் தெரிஞ்ச மூக்கைத்தான் வரைவோம். கண்ணை இடுக்கிட்டு, வெளிச்சம் எங்கே, நிழல் எங்கேன்னு மட்டும் பாருங்க."

மெக்கானிக் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. கண்ணை இடுக்கியதோடு கண்ணாடியையும் கழற்றி வைத்தார். கண்ணாடி இல்லாவிட்டால் அவர் பீரோவுக்குள் ஏறி நின்று மூன்றாவது மாடிக்குப் பட்டன் தேடுவார்.

மூக்கை நீட்டி முடித்தார். அடுத்த நாள் நிறம் காலை வாரியது. டீச்சருக்குப் போன் போட்டார்.

"நேத்து கச்சிதமா இருந்த நிறம் இன்னைக்கு மாமாவைவிடக் கறுத்துப் போச்சு டீச்சர்!"

"அக்ரிலிக் பெயிண்ட் காய்ஞ்சா கொஞ்சம் கறுக்கத்தான் செய்யும். வெள்ளையைக் கூடச் சேர்த்துக்கோங்க."

சேர்த்தார். மறுநாள் மாமனார் இரண்டு சுற்று கறுத்து வந்து உட்கார்ந்தார். கேன்வாஸில் இருந்தவரோ சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நின்றார். பதறிப்போய்ச் செங்காவியைத் தண்ணீர் பதத்தில் கரைத்து மேலே ஒரு பூச்சுக் கொடுத்தார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து திரும்பிய மனைவி படத்தின் முன் நின்றாள்.

"என்னங்க, எங்கப்பாவை யாரு அறைஞ்சது?"

"தோலுக்கு அடியில ரத்தம் ஓடுறது தெரியணும்டி. அதுக்கான பூச்சு."

"ஓடுறதாத் தெரியலையே. உறைஞ்சுல்ல கிடக்கு!"

அடுத்த நாள் மீசையைக் காணோம். மூக்குக்குக் கீழே பளிச்சென்று வெளிச்சம். மெக்கானிக் அசரவில்லை. மீசை என்பதே ஒரு நிழல்தானே, ஜன்னல் வெயில் அதைத் தின்றுவிட்டது என்று முடிவு கட்டித் திரையை இழுத்துவிட்டார். இருட்டில் காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. அவற்றையும் பெரிதாக்கினார்.

ராத்திரி சாப்பாட்டில் மாமனாரின் மீசை பத்திரமாக இருந்த இடத்திலேயே இருந்தது.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. உங்க மூஞ்சி ஒரு நிலையில நிக்க மாட்டேங்குது."

"வயசானா அப்படித்தான் மாப்பிள்ளை. உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு இடுப்பே போச்சு. நான் வாயைத் திறந்தேனா?"

மெக்கானிக்கின் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மாமனார் யாருக்குக் கிடைப்பார்!

கண்காட்சி நாள் வந்தது. உருளைக்கிழங்கில் தொடங்கிக் கேரட்டில் முடியும் மூக்கு, ஒரு கன்னம் வெள்ளை, ஒரு கன்னம் செங்கல், பாதி மீசை, விசிறிக் காது. அதைச் சுவரில் மாட்டிவிட்டு, ஆரஞ்சு பெஞ்சுக்கு மனதைத் தேற்றிக்கொண்டு மெக்கானிக் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார்.

மாமனார் தம் சீட்டாட்டக் கூட்டாளிகளான தபால்காரர், பிளம்பர், தையல்காரர் மூவரையும் குடும்பத்தோடு திரட்டி வந்திருந்தார். தபால்காரரின் பேத்தி ஓடிவந்து, "ஐ! எங்க தாத்தா!" என்று கத்தினாள்.

"சும்மா இருடி. அந்தக் காது எங்க வீட்டுக்காரரோடது" என்றாள் பிளம்பரின் மனைவி. "முப்பது வருஷமா அந்தக் காதுலதான் கத்திக்கிட்டு இருக்கேன்."

டீச்சர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

"பார்க்கிறவங்க எல்லாருக்கும் அவங்கவங்க ஆள் தெரியறாங்களே! இனிமே உங்களுக்கு ஆரஞ்சே கிடையாது சார். அடுத்தது முழு உருவம்!"

மாமனார் மீசையை முறுக்கி, "மாடல் யாருன்னு கேளுங்க!" என்றார்.

மெக்கானிக் மிதந்துகொண்டிருந்தார். மூன்றாவது கூட்டாளியான தையல்காரர் மெதுவாக வந்து அவர் கையைப் பிடித்தார்.

"தம்பி, முழு உருவத்துக்காவது வேற ஏற்பாடு பண்ணுங்க. சீட்டுல தோத்தவன்தான் மாடிக்குப் போய்க் குல்லா மாட்டிக்கிட்டு உட்காரணும்னு உங்க மாமனார் சட்டம் போட்டிருக்காரு. அந்த மனுஷன் இன்னும் ஒரு ஆட்டம்கூடத் தோக்கலை!"