இரண்டு விரற்கடைப் பொய்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் தையற்கார மைத்துனன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். சொன்ன பொய்யே தாங்கவில்லை, இன்னொன்று எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என் அண்ணனைப் பார்க்க வருகிறீர்களாம். சந்தோஷம். ஆனால் உங்கள் வாயை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. கல்யாணத்தன்றே, நான் தைத்த சட்டைக்குக் கை நீளம் என்று நாலு பேர் நடுவில் சொன்ன உண்மைவிளம்பி நீங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அண்ணன் தட்டைத் தொடவில்லை. "சட்டையெல்லாம் தொளதொளங்குதுடா. போறவனுக்குச் சோறு எதுக்கு?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், அண்ணி கண்ணைக் கசக்கினார், எனக்குத் தெரிந்த வைத்தியம் ஊசிநூல் ஒன்றுதானே, தேய்த்துத் தருகிறேன் என்று சட்டைகளைக் கடைக்குக் கொண்டுபோய் இரண்டு பக்கமும் இரண்டு விரற்கடை உள்ளே பிடித்துத் தைத்துவிட்டேன். "அண்ணே, உடம்பு தேறியிருக்கு, சட்டை கச்சிதமா நிக்குதே!" என்றேன். அன்றைக்கு மறுசோறு கேட்டார், மாப்பிள்ளை! எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தேன்.

இப்போதுதான் வினை. நிஜமாகவே சதை போட்டுவிட்டார். தளர்த்தலாமென்றால், பாழாய்ப்போன தொழில்சுத்தம், உள்ளே மிஞ்சிய துணியை அன்றன்றே வெட்டி எறிந்திருக்கிறேன். நேற்று பொத்தான் தெறித்தது. "வயிறு வீங்குதோ?" என்று பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். உண்மையைச் சொன்னால் மனசு உடைவார், சொல்லாவிட்டால் பட்டினி கிடப்பார். நல்லது நடந்தால் அது நல்ல பொய் என்று நினைத்தேனே, நடந்த நல்லதே இப்போது கழுத்தை நெரிக்கிறது. ஆகவே நீங்கள் வந்ததும், "இந்தக் காலத்துத் துணி துவைச்சா சுருங்குது" என்று ஒரு வார்த்தை போட்டு வையுங்கள். பொய்யே சொல்லாதவர் என்ற பெயர் வேறு எதற்கு உதவும்?

தங்கைக்கும் குழந்தைகளுக்கும் ஆசிகள். அளவெடுத்த சட்டைக்குள் அடங்கி, நோய்நொடியில்லாமல் வாழ்க.

உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் அண்ணனே கடைக்கு நடந்து வந்துவிட்டார். "நீ பிடிச்ச பிடியில பாக்கெட் கக்கத்துக்குள்ள போயிருச்சேடா, எனக்குக் கண்ணு தெரியாதா?" என்றார்.

"அப்ப ஏண்ணே சாப்பிட்டீங்க?"

"உன் மூஞ்சி போன போக்கைப் பார்த்தா எனக்கு முன்னாடி நீ போயிருவேன்னு தோணிச்சு. விழுங்கி வெச்சேன்."

"அப்ப நேத்து பாதிச் சோத்துல எழுந்தது?"

"பின்னே, புதுச் சட்டை வேணும்னு வாய்விட்டு எப்படிக் கேக்கறது?"

இனி நீங்கள் பொய் சொல்ல வேண்டாம். அவரை நிற்கவைத்துப் புதுச் சட்டைக்கு அளவெடுத்தேன். அளவைச் சத்தமாகச் சொல்லச் சொன்னார். உள்ளதை உள்ளபடி சொன்னேன் மாப்பிள்ளை, வெட்டும்போது மட்டும் உள்ளே இரண்டு விரற்கடைத் துணி மிச்சம் விட்டேன்.