உசுப்பி சேர் பெண் பார்த்த கதை

கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை இந்தக் கரையில் எத்தனையோ கிறுக்கர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு பொருளோ மனிதனோ சும்மா இருப்பதைக் கண்டால் சும்மா இருக்க ஏலாதவர் ஒரே ஒருவர்தான். அவர்தான் எங்கள் உசுப்பி சேர்; எதையும் உசுப்புவதால் உசுப்பி, படித்த உத்தியோகத்தர் என்பதால் சேர். மேசையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தால் சுண்டு விரலால் தள்ளுவார். கதிரையில் ஆள் இருந்தால் வாயால் தள்ளுவார். தள்ளியதும் போனை எடுத்து நேரம் பிடிப்பார். உசுப்பப்பட்டது பழைய நிலைக்கு வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை மட்டை போட்ட ஒரு தடித்த சீஆர் கொப்பியில் எழுதி வைப்பார்.

முந்தலுக்குப் பக்கத்தில், உப்புநீர்க் களப்பை ஒட்டிய ஓர் இறால் பண்ணையில் நான் ஸ்டோர் கீப்பர். அவர் அங்கே குளத்துத் தண்ணீரைப் பரிசோதிக்கும் உத்தியோகத்தர். கம்பஸில் கணக்கையும் உயிரினங்களையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கும் ஏதோ ஒரு படிப்புப் படித்தவர் என்று சொன்னார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தச் சட்டை ஒங்களுக்கு வடிவே இல்ல" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எதிரில் நின்றே நேரம் பிடித்தார். "ரெண்டு நிமிசம் பத்து செக்கன். நல்ல மனுசன்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அது என் பெருநாள் சட்டை.

ஏன் இந்த வேலை என்று ஒருநாள் கேட்டேன். ஒரு சிரட்டையும் பிள்ளைகள் உருட்டி விளையாடுகிற ஒரு கண்ணாடிப் போளையும் எடுத்து வந்தார்.

"சிரட்டைக்குள்ள போளையப் போட்டுத் தட்டினா உருண்டு உருண்டு திரும்ப அடிக்கே வரும். கவுத்த சிரட்டைக்கு மேல வெச்சுத் தட்டினா போயே போயிரும். ஆனா தம்பி, சும்மா இரிக்கக்குள்ள ரெண்டு போளையும் ஒரே மாதிரித்தான் இரிக்கும். தட்டாம எப்பிடித் தெரியும்?"

அன்று பின்னேரமே என்னைப் புத்தளம் டவுனுக்குக் கூட்டிப்போய் றோட்டு நடுவில் நின்ற ஒரு கழுதையைத் தள்ளினார். அது ஓரடி நகர்ந்து, நகர்ந்த இடத்திலேயே நின்றது. "பாத்தீங்களா, இது மூணாவது வகை. திரும்பியும் வராது, ஓடியும் போகாது. வெச்ச எடத்துல நிக்கும்" என்று குனிந்து எழுதும்போது கழுதை உதைத்தது. பஸ் நின்றது, லொறி நின்றது, பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ரொட்டி விற்கிற முச்சக்கரவண்டி பாட்டை நிறுத்தியது. விழுந்து கிடந்தபடியே அவர் "மூணாவது வகை" என்று எழுதியதை வெட்டினார்.

இப்படிப்பட்டவரைப் பண்ணையில் வைத்திருந்ததற்குக் காரணம் இருந்தது. இறால் குளத்துத் தண்ணீர் பச்சையாக இருக்க வேண்டும். அந்தப் பச்சைப் பாசிதான் பகலில் இறாலுக்கு மூச்சு. உசுப்பி சேர் தினமும் தண்ணீரை அடிக்கிற துடுப்புச் சில்லுகளைப் பத்து நிமிடம் நிறுத்துவார். ஒட்சிசன் இறங்கும். திரும்ப ஓடவிட்டு அது எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்று பார்ப்பார். ஒரு கிழமை முழுக்க மூன்றாம் குளம் ஏறுவதற்கு நாளுக்கு நாள் கூடுதல் நேரம் எடுத்தது. தண்ணீரோ பச்சைப் பசேல் என்று படம் பிடிக்கிற மாதிரி இருந்தது.

"பாக்கச் சோக்காத்தான் இரிக்கி. ஆனா திரும்பி வாறதுக்குச் சுணங்குது. சிரட்டை தட்டையாகுது, தம்பி" என்றார். யாரையும் கேட்காமல் இறாலுக்குப் போடுகிற தீனைப் பாதியாகக் குறைத்தார். மனேஜர் சிலாபத்துக்காரர், கோபம் வந்தால் பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் குதிப்பார். அன்று இரண்டிலும் சேர்த்துக் குதித்தார். அடுத்த கிழமை பக்கத்துப் பண்ணையில் அதே மாதிரி அழகாக இருந்த குளம் ஒரே காலையில் கறுத்து, இறால் எல்லாம் மிதந்தது. எங்கள் குளம் தப்பியது. அதுவரை சேர் உசுப்புவதற்காகப் பேனையை ஒளித்தால் கத்துகிற மனேஜர், அதன் பிறகு அதை ஒளிப்பதற்கு வசதியான இடத்தில் தானே வைக்கத் தொடங்கினார்.

சேருக்கு முப்பத்தொன்பது வயது, கலியாணம் ஆகவில்லை. உம்மாவும் வாப்பாவும் மௌத்தாகி, வீட்டில் அவர் தனியாள். ஒருநாள் குளத்து வரம்பில் இருந்து பாணும் சம்பலும் சாப்பிடும்போது சொன்னார். "வீட்டுக்குப் போனா நான் தள்ளினது தள்ளின எடத்துலயே கெடக்குது, தம்பி. ஏன் தள்ளினீங்கண்டு ஏச ஒரு ஆளில்ல." அதை அவர் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

மதுரங்குளிக் கலியாணப் புரோக்கர் ஒருவர் பெண் பார்க்க ஐந்து வீடு காட்டினார். ஐந்திலும் சேர் தட்டிப் பார்த்தார். ஒரு வீட்டில் பெண்ணின் வாப்பாவிடம் "ஒங்கட வீட்டுச் சுவர் கொஞ்சம் சரிஞ்சிரிக்கி" என்று சொல்லி நேரம் பிடித்தார். அந்த மனிதர் இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை என்று கேள்வி. இன்னொரு வீட்டில் பெண் தன் கையால் செய்த வட்டிலப்பத்தை ருசித்துவிட்டு "எங்க வாங்கின?" என்றார். புரோக்கர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "ஆறாவது வீடு கனமூலை ஊருல. அதுதான் கடைசி. வாயத் தொறக்கப்படாது" என்று கேட்டுக்கொண்டார்.

அந்த வீட்டுக்கு நானும் கூடப் போனேன். சேர் வாக்குத் தவறவில்லை, வாயைத் திறக்கவில்லை. ஒரு கிளாஸ் சர்பத்தை எடுத்து வெள்ளை மேசை விரிப்பில் மெதுவாக ஊற்றினார்.

பெண்ணின் வாப்பா எழும்பிவிட்டார். புரோக்கர் கண்ணை மூடிக்கொண்டார். நான் வாசலில் கிடந்த என் செருப்பைத் தேடினேன். திரைக்குப் பின்னாலிருந்து பரீதா வந்தார். முப்பத்துநாலு வயது, வீட்டுக்குப் பின்னால் முட்டைக் கோழி வளர்க்கிறவர். துணியைப் போட்டுத் துடைத்தார். சேரைப் பார்த்து, "இன்னொரு கிளாஸ் கொண்டு வரட்டா, இல்லாட்டி ஜக்கோட தரட்டா?" என்றார்.

திரும்பி வரும்போது முச்சக்கரவண்டியில் சேர் வழி முழுக்கச் சொன்னது ஒன்றுதான். "ஒம்பது செக்கன், தம்பி. ஒம்பதே செக்கன்."

மூன்றாம் நாள் புரோக்கர் சேருக்குப் போன் எடுத்துச் சொன்னார். பெண்ணுக்கு விருப்பமில்லையாம்.

சேர் "சரி" என்றார். அதற்குப் பிறகு அவர் யாரையும் எதையும் தள்ளவில்லை. சட்டையை உட்புறம் வெளியாகப் போட்டுக்கொண்டு வந்தார். ஒன்றாம் குளத்துக்கு இரண்டு தரம் தீன் போட்டுவிட்டு, இரண்டாம் குளத்துக்குத் தேத்தண்ணி ஊற்றினார். கோப்பைகள் எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன. மனேஜரால் தாங்க முடியவில்லை. தன் பேனையைத் தானே ஒளித்துவிட்டு, "சேர், பேனையைக் காணேல்ல, நான் இப்ப கத்தப் போறன்" என்று பக்கத்தில் போய் நின்றார். சேர் தன் பேனையை எடுத்துக் கொடுத்தார். மனேஜர் கலங்கிப்போய் என்னிடம் வந்து, "மே மனுசன், இந்த மனுசன், செத்துப் போயிடும். ஏதாவது செய் மல்லி, செய் தம்பி" என்றார்.

அந்தப் போன் வந்து பதினோராம் நாள் என் மனைவியை மோட்டார்சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு கனமூலைக்குப் போனேன். பரீதா கோழிக் கூட்டில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். வாப்பா பக்கத்தில் கூடையோடு நின்றார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தின நாளு?" என்றார் பரீதா.

"இண்டைக்குப் பதினொண்டு, தாத்தா" என்றேன். எங்கள் பக்கத்தில் தாத்தா என்றால் அக்கா.

"இன்னும் பழைய மாதிரி வரல்லையா?"

"இல்ல. சட்டை இன்னும் உட்புறமாத்தான் போடுறாரு."

ஒரு முட்டையைத் துடைத்துக் கூடையில் வைத்தார். "அவரு ஆக்களத் தட்டிப் பாக்கிறவருண்டு பொறகு புரோக்கர் சென்னாரு. எங்கட மேசைல சர்பத்த ஊத்திப் பாத்தாரு. நானும் ஒருக்கா ஊத்திப் பாத்தேன்" என்றார். "விருப்பமில்லண்டு புரோக்கர்ட்ட வேணுமெண்டுதான் செல்லச் சென்ன."

என் மனைவி வாயில் கையை வைத்தார். வாப்பா கூடையைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கும் அப்போதுதான் தெரியும் போல.

"கோழி பயந்தா மூணு நாளைக்கு முட்டையிடாது. நாலாம் நாள் மறந்துரும்" என்று பரீதா சொன்னார். "அவரும் நாலாம் நாள் சரியாகி இறாலுக்குத் தீன் போடப் போயிருந்தா, மெய்யாவே வாணாமுண்டு இருந்திருப்பேன். என்னய இல்லாம பழைய மாதிரி இரிக்க ஏலுமான மனுசன் எனக்கு என்னத்துக்கு?" பிறகு வாப்பாவைப் பார்த்து, "வெள்ளிக்கிழமை வரச் செல்லுங்க" என்றார்.

முந்தல் வரை மோட்டார்சைக்கிளை எப்படி ஓட்டினேன் என்று என் மனைவியைத்தான் கேட்க வேண்டும். சேர் நாலாம் குளத்து வரம்பில் கால் இரண்டையும் சேற்றில் விட்டுக்கொண்டு இருந்தார். ஒன்றும் விடாமல் சொன்னேன்.

"பதினொரு நாளும் நானும் பாத்துக்கொண்டுதான் இருந்தேன், தம்பி, எப்ப திரும்பி வருவேனெண்டு" என்றார். "இந்தப் போளை திரும்பி வரல்ல. வேற ஒரு எடத்துல போய் நிண்டிட்டு. இனிப் பழைய எடம் இல்ல."

"நல்லதா, கெட்டதா சேர்?"

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். சேற்றுக் காலோடு எழும்பி, வெள்ளிக்கிழமை வரச் சொன்னதையும் மறந்து, அன்று செவ்வாய்க்கிழமையே கனமூலை பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

அன்று நாலு குளத்துக்கும் நான்தான் தீன் போட்டேன். அளவு தெரியாது, பிழையாகத்தான் போட்டிருப்பேன். போடும்போது ஏனோ கண் கலங்கிக்கொண்டே இருந்தது. அந்த மனிதரை இனி ஏசுவதற்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது என்று நினைக்க எனக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது.