மாப்பிள்ளையை விடச் சொன்னது நான்தான்

மல்வேர்ன், ஸ்கார்பரோ
வெள்ளிக்கிழமை

பிறம்ரனில் அத்தானோடும் இரண்டு காரோடும் சகல சௌகரியங்களோடும் வாழும் என் அன்புக்குரிய பேபி அக்காவுக்கு, தம்பி தியாகலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மனுசியும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ரெலிபோனில் என்னை அப்படி மூச்சு விடாமல் ஏசியிருக்க முடியாது. நான் பதில் சொல்ல வாய் திறந்ததும் போனை வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. ஆகவே கடிதம்.

நீங்கள் இட்ட கட்டளை இரண்டு. உங்கள் மகள் கஜனியின் கலியாண வரவேற்பில் நான் செய்த வேலைக்காக மாப்பிள்ளையின் தாய் இராஜேஸ்வரி அம்மா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். என் ரப்லெற்றில் இருக்கும் அந்த நடன மென்பொருளை அழித்துவிட வேண்டும். இரண்டையும் செய்ய மாட்டேன். ஏன் மாட்டேன் என்பதை, எப்போதும்போல் நடுவில் குறுக்கிடாமல், கடைசிவரை வாசியுங்கள்.

நான் வேலையிலிருந்து ஓய்வெடுத்த பிறகு வந்த முதல் பனிக்காலம் உங்களுக்குத் தெரியாது. மனுசி வேலைக்குப் போய்விடுவாள். நான் ஜன்னலருகே இருந்து பஸ் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் முழுக்க ஒருவரோடும் பேசாமல் இருந்துவிட்டு, பின்னேரம் கடையில் பாண் வாங்கப் போனபோது என் குரல் வெளியே வரவில்லை, அக்கா. செருமிச் செருமித்தான் பாண் கேட்டேன். அந்த வாரம்தான் பக்கத்துச் சமூக மண்டபத்தில் சீட்டு விளையாடலாம் என்று போய், அறை மாறி, நாட்டார் நடனம் நடக்கும் அறைக்குள் நுழைந்துவிட்டேன். அங்கே றெபேக்கா என்ற வெள்ளைக்கார அம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு, "வலக்கை கொடுங்கள், சுற்றுங்கள், இனி இடக்கை" என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் அப்படியே ஆடினார்கள். நான் மன்னிப்புக் கேட்டுத் திரும்புவதற்குள் யாரோ என் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்துவிட்டார்கள். அந்தக் கையை இன்றுவரை நான் விடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு றெபேக்காவுக்கு இடுப்பில் ஒப்பரேஷன் செய்தார்கள். மேடையில் நிற்க ஆளில்லை. உனக்குத்தான் பெரிய குரல் என்று சொல்லி மைக்கை என்னிடம் தந்துவிட்டா. கூடவே இப்படி ஆட்டம் நடத்துகிறவர்களுக்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது என்று சொல்லி அதையும் ரப்லெற்றில் போட்டுத் தந்தா. நீங்கள் "அந்தச் சனியன்" என்று சொல்வது இதைத்தான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதில் ஒரு அட்டை. எத்தனை பேர் வேண்டும், புதியவர்களுக்கு லேசா கஷ்டமா, எந்த இசை, எந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். அட்டைகளை விரலால் இழுத்து வரிசைப்படுத்தினால் அன்றைய நிகழ்ச்சி தயார். இரண்டு கடினமான ஆட்டங்களை அடுத்தடுத்து வைத்தால், ஆடுபவர்கள் களைத்துவிடுவார்கள் என்று அதுவே எச்சரிக்கும். அக்கா, நான் இந்த நாட்டில் வேலை செய்த இடங்களில் எந்த மனேஜராவது சனம் களைத்துவிடும் என்று ஒரு நாளாவது சொன்னதுண்டா? இதை நான் அழிக்கவா?

இனிக் கலியாண விஷயம். மைக்கை நானாகப் போய்ப் பறித்ததாகச் சொன்னீர்கள். இல்லை. கஜனிதான் கேட்டாள். "மாமா, உங்கட டான்ஸ் ஒண்டு செய்வமே? இல்லாட்டி எல்லாரும் போனைத்தான் பாத்துக்கொண்டு இருப்பினம், சோ போரிங்" என்றாள். நான் மென்பொருளில் தேடினேன். புதியவர்களுக்கு ஏற்றது, ஒருவரையொருவர் தெரியாதவர்களைப் பழக வைப்பது என்று ஒரு வட்ட ஆட்டத்தைக் காட்டியது. அழைப்பிதழில் யார் பெயர் முதலில் வருவது என்ற சண்டையில் நீங்கள் இரண்டு வீட்டாரும் மாதக்கணக்காகப் பேசாமல் இருந்தீர்கள். இதைவிடப் பொருத்தமான ஆட்டம் எது? வட்டத்தில் ஆண்கள் அவரவர் இடத்தில் நிற்பார்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் பெண்கள் அடுத்த ஆளிடம் நகர்வார்கள். வட்டம் முழுதாகச் சுற்றி முடிந்ததும் அவரவர் சோடி அவரவருக்குத் திரும்பக் கிடைக்கும்.

வியாழக்கிழமைகளில் சமூக மண்டபத்து ஆட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் எங்கட ஆட்கள் என்பதால், சொல்ல வேண்டியதை நான் ஏற்கெனவே தமிழில் மாற்றி வைத்திருந்தேன்: "உங்கட ஆளை விடுங்கோ, அடுத்த ஆளைப் பிடியுங்கோ." கலியாண வீட்டில் "ஆள்" என்றால் யார் என்று சனத்துக்கு விளங்காதே என்று, கொஞ்சம் தெளிவாகச் சொன்னேன். "பொம்பிளை, மாப்பிள்ளையை விடுங்கோ! அடுத்த ஆளைப் பிடியுங்கோ!" ஓம், மண்டபம் அடங்கிப்போனது. ஓம், ஸ்பீக்கர் கொஞ்சம் பெரிது. ஆனால் கஜனி சிரித்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போனாள். அது படம் பிடிக்க வந்த பெடியன். அவன் கமராவைக் கழுத்தில் தொங்கவிட்டபடி பயந்து பயந்து கை கொடுத்தான். "நிற்பாட்டு தியாகு, நிற்பாட்டு!" என்று நீங்கள் கத்தியது எனக்குக் கேட்டது. நடுவில் நிற்பாட்டினால் பொம்பிளை கமராக்காரனோடு நின்றுவிடுவாள் என்பதை யோசித்தீர்களா? சுற்றி முடித்தால்தான் மாப்பிள்ளையிடம் திரும்பி வருவாள். குடும்பம் சேரவேண்டும் என்றுதான், அக்கா, தொடர்ந்து கத்தினேன்.

அதற்குள் சுற்று நகர்ந்து இராஜேஸ்வரி அம்மா அத்தானிடம் வந்து சேர்ந்தா. இரண்டு பேரும் முதலில் நிலத்தைப் பார்த்தார்கள். பிறகு அத்தான் பிழையான கையை நீட்டினார். "அது இடக்கை, அண்ணை" என்றா அவ. அத்தான் சிரித்தார். அவவும் சிரித்தா. மேடையிலிருந்து இதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அப்போதுதான் நீங்கள் வந்து அத்தானின் கோட்டைப் பிடித்து வட்டத்துக்கு வெளியே இழுத்தீர்கள். இடையில் ஒரு ஆளை உருவினால் வட்டம் என்ன ஆகும்? இரண்டு சுற்றுக் கழித்து, அத்தான் நின்ற இடத்துக்குக் கஜனி வந்தபோது அங்கே ஆளே இல்லை. கலியாணப் பொம்பிளை வெறும் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். ஊர் முழுக்க வட்ஸ்அப்பில் சுற்றுவது அந்தப் படம்தான். அது என் பிழையா, கோட்டை இழுத்தவர் பிழையா?

மாப்பிள்ளை ஜதுர்சன் தங்கமான பிள்ளை. "சொறி மாமா, நான் என்ர ஆளைத்தான் பிடிக்கப்போறன்!" என்று கத்திக்கொண்டு வட்டத்தைக் குறுக்கே வெட்டி ஓடிவந்து அவள் கையைப் பிடித்தான். மண்டபமே எழும்பி நின்று கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்குள்தான் இராஜேஸ்வரி அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்து, "மைக் கையிலை இருந்தால் என்னவும் சொல்லலாமோ?" என்று என்னைக் கேட்டுவிட்டு, ஐஸ்கிறீம்கூடச் சாப்பிடாமல் போனா. அவவின் கோபம் என் வாயில் வந்த சொல்லுக்கு அல்ல, பிடித்த கையை நீங்கள் உருவிவிட்டதற்கு என்று நான் அடித்துச் சொல்கிறேன். அதற்கு நான் போய் மன்னிப்புக் கேட்பதா?

அக்கா, இவ்வளவு காலமும் இதை அங்கே வை, அதை இங்கே வை என்று மற்றவர்கள் எனக்குச் சொன்னார்கள். நானும் வைத்தேன். இப்போது நான் "திரும்புங்கோ" என்றால் ஒரு மண்டபமே திரும்புகிறது. திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறது. அதை விடச் சொல்கிறீர்கள். விடமாட்டேன். குடும்ப மானம் என்பீர்கள். ஆடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து நிற்பதில் என்ன மானம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. வரும் வியாழக்கிழமையும் மேடையில் நிற்பேன். இன்னும் பெரிய ஸ்பீக்கர் கேட்டிருக்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். அவருக்கு வலக்கை எது என்று ஆறுதலாகச் சொல்லிக் கொடுக்கவும். கஜனியும் ஜதுர்சனும் பிடித்த கையை விடாமல் நீடூழி வாழ எல்லாம்வல்ல பிள்ளையாரை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு சொல்லையும் திரும்பப் பெறாத உங்கள் தம்பி,
தியாகலிங்கம்

பி.கு: கடிதத்தை உறையில் போடும்போது மனுசி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இதை ஏனப்பா அனுப்புறியள்? நானும் மச்சாளும் புதன்கிழமையே இராஜேஸ்வரி அம்மா வீட்டை போய், நீங்கள் சரியா மனம் வருந்துறியள் எண்டு சொல்லி மன்னிப்புக் கேட்டிட்டம்" என்கிறாள். மச்சாள் என்றால் நீங்கள்தானே, அக்கா! மனுசி மீன் வாங்கப் போனதாக அல்லவா என்னிடம் சொன்னாள்! இராஜேஸ்வரி அம்மா உங்கள் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொடுத்து, தனக்குக் கோபமே இல்லை, அண்டைக்கு ஒரே தலையிடி என்றாவாம். வியாழக்கிழமை எத்தனை மணிக்கு ஆட்டம் தொடங்கும் என்றும் விசாரித்தாவாம். இனி இந்தக் கடிதத்துக்கு ஒரு தேவையும் இல்லை. ஆனால் முத்திரை ஒட்டிவிட்டேன், அனுப்புகிறேன். குதி உயர்ந்த சப்பாத்துப் போட்டுக்கொண்டு வரவேண்டாம் என்று அவவிடம் சொல்லுங்கள். வரும்போது, நான் கேட்காத அந்த மன்னிப்பையும் திருப்பிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.