நான் தையல்காரர் மகளான கதை

எனக்கு இங்கிலீஷில் ஒரே ஒரு வாக்கியம்தான் பிழையில்லாமல் வரும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ‘ஐ யாம் லுக்கிங் ஃபார்வர்டு டு வொர்க்கிங் வித் யூ.’ செங்கல்பட்டில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்திய மாஸ்டர், “டு வொர்க்னு சொன்னா வேல போச்சு. டு வொர்க்கிங்” என்று ஒரு மாதம் மேசையைத் தட்டித் தட்டி மண்டையில் ஏற்றியது.

கூடவே சுய அறிமுகம் என்று ஒரு ஜெராக்ஸ் தாளும் தந்தார். “உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கங்க” என்றார். நான் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டேன். (அதற்கே எனக்கு அரை நாள் ஆனது.)

மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை ஓட்டலில் ரிசப்ஷனிஸ்ட் வேலை. ஏற்கெனவே இரண்டு இண்டர்வியூவில் வாயே திறக்காமல் வந்திருந்தேன். இதுவும் போனால் சித்தப்பாவின் உரக்கடையில் உட்கார வேண்டியதுதான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. சித்தப்பா எனக்கு நாற்காலியே வாங்கிப் போட்டுவிட்டார். கல்பாக்கத்தில் ஸ்டாஃப் பஸ் ஓட்டும் அப்பா, லீவு போட்டு என்னை பைக்கில் அழைத்துப் போனார்.

மேனேஜர் மேடம், “உங்களைப் பத்திச் சொல்லுங்க” என்று இங்கிலீஷில் கேட்டதுதான் தாமதம், குழாயைத் திறந்துவிட்டேன். “மை ஃபாதர் இஸ் எ டெய்லர். ஹி இஸ் மை ரோல் மாடல்.”

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். “இன்னிக்கு நீங்க நாலாவது பொண்ணு. நாலு பேருக்கும் அப்பா டெய்லரா?”

அடப்பாவமே, வெளியே பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் மாஸ்டரின் பிள்ளைகளா? அப்போதாவது உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். நான் சொன்னது: “சிஸ்டர்ஸ், மேடம்.”

“நாலு பேருக்கும் நாலு இனிஷியலா?”

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. லீவிலும் காக்கிச் சட்டையைக் கழற்றாத என் அப்பா. “பாப்பா ஃபைல வண்டிலயே வுட்டுட்டு வந்துடுச்சி மேடம்.”

“நீங்க டெய்லரா?”

“நானா? பஸ்ஸு ஓட்றேன் மேடம். எனுக்கு ஊசில நூலு கோக்கக்கூட வராது.”

தரை பிளந்தால் நாற்காலியோடு இறங்கிவிடலாம் என்றிருந்தது. மேடம் சிரித்து முடித்துவிட்டு, “சரி, இந்த அப்பாவைப் பத்திச் சொல்லு. தமிழ்லயே சொல்லு” என்றார்.

சொன்னேன். மழையில் யாராவது ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தால் அப்பா பஸ்ஸை நிறுத்திவிடுவார். அதற்காக உள்ளே இருப்பவர்களிடம் தினமும் திட்டு வாங்குவார். மறுநாளும் நிறுத்துவார். கதவோரம் நின்ற அப்பா ஃபைலைப் புரட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் பழக்கதோஷத்தில் அந்த ‘லுக்கிங் ஃபார்வர்டு’ வந்து விழுந்தது. ஆனால் அன்று நிஜமாகவே ஆசைப்பட்டுச் சொன்னேன்.

வேலை கிடைத்தது. ஆறு வருடமாக அதே ஓட்டல்தான். உரக்கடை நாற்காலியில் சித்தப்பா உட்கார்ந்திருக்கிறார்.

போன மாதம் என் கல்யாணத்துக்கு வந்த மேடம், மேடைக்கு வந்ததும் அப்பாவிடம் கேட்டார்: “பொண்ணு பிளவுஸ் நீங்க தெச்சதா சார்?”

அப்பா அசரவில்லை. “ஆமா மேடம். மீதி மூணு பொண்ணுங்களுக்கும் தெச்சிக்கினு கீறேன்.”