கழுத்தில் செதில்

"இவருக்குக் கழுத்துல செதில் இருக்கு" என்றாள் முதலாளியம்மா.

பெட்டிக்குள் குனிந்தவள் இன்னும் நிமிரவில்லை. குரலில் கோபம் இல்லை. ஒப்பனைக்காரரைப் பயமுறுத்தியது அதுதான். கோபம் வந்தால் அவள் கத்துவாள், கத்தி முடித்ததும் டீ வாங்கி வரச் சொல்வாள். இப்படி மெதுவாகப் பேசினால் யாருக்கோ வேலை போகப் போகிறது என்று அர்த்தம்.

அவரும் எட்டிப் பார்த்தார். படுத்திருந்தவரின் காதுக்குக் கீழே, சட்டைக் காலருக்கு மேலே, இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளியாக மினுங்கியது.

"நிழலா இருக்கும் மேடம். ஜன்னல் கம்பி..."

"ஜன்னல் மூடியிருக்கு."

"அப்ப தூசி."

"நேத்து சாயங்காலம் இந்த ரூம்ல உக்காந்து மீனுக்குப் பெயிண்ட் அடிச்சீங்களா, இல்லையா?"

அடித்திருந்தார்.

இறந்தவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, முகம் திருத்திப் பெட்டியில் வைத்துக் கொடுக்கும் நிலையம் அது. முகம் திருத்துவது அவர் பொறுப்பு. ஆனால் அவர் மனசு முகத்தில் இல்லை, மீனில் இருந்தது. பெட்டி செய்து மிச்சமான மரத்துண்டுகளை விரல் நீளத்துக்கு மீனாகச் செதுக்குவார். வழவழவென்று தேய்த்து, வெள்ளை அடிப்பூச்சு கொடுத்து, வெங்காய மூட்டை வலையை அதன்மேல் இழுத்துக் கட்டி, சாயத்தைக் காற்றோடு பீய்ச்சும் ஏர் பிரஷ்ஷால் வெள்ளி அடிப்பார். வலையை உரித்தால் செதில் செதிலாக நிற்கும். முதுகுக்குக் கரும்பச்சை, வயிற்றுக்கு வெளிர்மஞ்சள், செவுளுக்கு ஒரு சொட்டுச் சிவப்பு. கடைசியில் கண்ணும் தூண்டில் முள்ளும். நிஜ இரை என்று நம்பிப் பெரிய மீன் வந்து கவ்வ வேண்டிய பொய்மீன்கள் அவை. பார்த்தவர்கள் எல்லாரும் அசந்து போனார்கள். இதுவரை அசராதது மீன்கள் மட்டும்தான்.

மனைவியின் தண்ணீர் டம்ளரில் ஒரு மீன்கண் மிதந்து அவளையே பார்த்த நாளிலிருந்து வீட்டில் இதற்குத் தடை. எனவே தொழில் இடம்பெயர்ந்தது. முகத்துக்கான சாயமும் மீனுக்கான சாயமும் ஒரே அலமாரிக்கு வந்தன. ஏர் பிரஷ்ஷும் ஒன்றே ஆனது. போன மாதம் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் உதடு தங்கமாக ஜொலிக்க இறுதி ஊர்வலம் போனார். மகன்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"அன்னிக்கே சொன்னேன்" என்றாள் முதலாளியம்மா. "அடுத்த புகார் வந்தா நீங்க பையைத் தூக்கிட்டுக் கிளம்பலாம்னு. மதியம் இவரோட அக்கா வர்றாங்க. அதுக்குள்ள இது மனுஷக் கழுத்தா மாறியிருக்கணும்."

அவள் செருப்புச் சத்தம் படியேறி மறைந்தது. ஒப்பனைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இந்த வயதில் வேறு எங்கே வேலைக்குப் போவது? உயிரோடு இருப்பவர்களுக்கு மேக்கப் போட அவருக்கு வராது. அவர்கள் அசைவார்கள்.

படுத்திருந்தவர் ஊருக்குப் புதியவர். ஒரு வாடகை வீட்டின் மொட்டை மாடியில், உச்சி வெயிலில் விழுந்து கிடந்தார். டாக்டர் நாடி பார்த்தார், இமையைத் தூக்கிப் பார்த்தார், காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான் அவரைப் பற்றித் தெரிந்தது. குளிப்பாட்டியபோது கழுத்து சுத்தமாகத்தான் இருந்தது. அதை ஒப்பனைக்காரர் சத்தியம் பண்ணிச் சொல்வார்.

ஈரத்துணியை எடுத்து ஒரு முறை துடைத்தார். செதில் மறைந்தது.

'இவ்வளவுதானா' என்று மூச்சு விட்டார். ஈரம் காயட்டும் என்று மின்விசிறியைப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

திரும்பி வந்தபோது செதில் தாடை வரை ஏறியிருந்தது.

அறை அமைதியாக இருந்தது. எங்கிருந்தோ குளத்துப் பாசி வாசனை. பெட்டிக்கு மேலே கம்பியில் காய்ந்துகொண்டிருந்த பொய்மீன்கள் காற்றில் ஆடின. அவர் மின்விசிறியை நிறுத்தினார். ஆட்டம் நின்றது. நின்றபோது எல்லா மீனும் மூக்கைக் கீழே படுத்திருந்தவர் பக்கம் திருப்பியிருந்தன.

"டேய் ஆணி" என்று அவர் கூப்பிட்டார். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது.

பெட்டி செய்கிற தச்சனை அங்கே எல்லாரும் ஆணி என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் காதில் பென்சிலோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"அட, பிரமாதமா இருக்கே அண்ணே. ஆனா இவரு கேட்டாரா இதை?"

"வாயை மூடுறா. தண்ணியில போச்சு, காய்ஞ்சதும் திரும்ப வந்துடுச்சு."

"அப்ப அது தண்ணியில போற பெயிண்ட் இல்ல. தின்னர் போடுங்க."

தின்னரைப் பஞ்சில் நனைத்துத் தடவினார். தின்னர் நொடியில் ஆவியானது. அது போன இடத்தில் செதில்கள் இன்னும் துல்லியமாக எழுந்தன. ஒவ்வொன்றுக்கும் விளிம்பு தெரிந்தது. விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடு கூட இருந்தது.

ஒப்பனைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். வலை வைத்து அடித்தால் எல்லாச் செதிலும் ஒரே அளவில், கட்டம் கட்டமாகத்தான் விழும். அவருடைய ஒரே மனக்குறை அது. இங்கே காதோரம் கடுகளவாகத் தொடங்கி, கழுத்துக்கு வரவர அகன்று, ஒன்றின்மேல் ஒன்று சரியாக ஏறி, ஓடு வேய்ந்த மாதிரி இருந்தது.

"ஆணி, இதை நான்தான் பண்ணேன்னு நினைக்கிறியா?"

"பின்ன யாரு, அவரேவா வரைஞ்சுக்கிட்டாரு?"

"வலை இல்லாம கையாலேயே வந்திருக்கு, பாரேன். எப்படி வந்துச்சுன்னுதான் தெரியல."

வேலை போகப்போகிற கவலைக்கு நடுவிலும் அவர் செல்போனை எடுத்து நாலு பக்கத்திலிருந்தும் படம் பிடித்துக்கொண்டார். அடுத்த மீனுக்கு உதவும்.

"அண்ணே, நல்லாத்தான் இருக்கு. ஆனா அவங்க அக்கா வந்து பாத்தா மார்க் போட மாட்டாங்க" என்றான் ஆணி. "என்கிட்ட மெல்லிசான உப்புத்தாள் இருக்கு. தேய்ச்சிடலாமா?"

"மனுஷன்டா அவரு. கதவு இல்ல."

ஆனாலும் நகத்தால் ஒரு செதிலை மெதுவாக நிமிண்டிப் பார்த்தார். நகம் அதன் அடியில் நுழைந்தது. பெயிண்டுக்கு ஏது அடி? சட்டென்று விரலை இழுத்துக்கொண்டார். வார்னிஷ் தடிப்பாக விழுந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

இனி அழிப்பதில்லை, மூடுவதுதான் என்று முடிவு செய்தார். தோல் நிறத்தைக் கலந்து, ஏர் பிரஷ்ஷில் ஊற்றி, தாடையிலிருந்து தோள் வரை நிதானமாக அடித்தார். நிறம் அச்சு அசலாகப் பொருந்தியது. ஆனால் செதிலின் மேடு பள்ளம் அப்படியே நின்றது. வெள்ளி மீனாக இருந்தவர் இப்போது மனுஷ நிற மீனாக இருந்தார்.

"முன்னாடியே தேவல" என்றான் ஆணி.

"பவுடர் போட்டா சரியாயிடும்."

பவுடர் ஈர நிறத்தில் ஒட்டித் திட்டுத்திட்டாக நின்றது. மேலே முதலாளியம்மா நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. மணி ஆகிவிட்டது. ஒப்பனைக்காரர் பதற்றத்தில் முடி உலர்த்தும் கருவியைச் செருகி, முழுச் சூட்டில் வைத்து, கழுத்துக்கு நேராகப் பிடித்தார்.

சரசரவென்று ஒரு சத்தம். காய்ந்த சருகை மிதிப்பது போல. பூசிய நிறம் வெடித்து உதிர்ந்தது. அதன் கீழிருந்து வெள்ளி கன்னத்துக்கும், கன்னத்திலிருந்து நெற்றிக்கும் அவர் கண்ணெதிரே ஏறிப் பரவியது. படுத்திருந்தவரின் வாய் மெல்லத் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது.

கருவி கையிலிருந்து நழுவி விழுந்து, தரையில் ஊளையிட்டுக்கொண்டே சுற்றியது.

"வாயைத் திறந்தாருடா."

"காத்து அடிச்சீங்கல்ல, அதான்" என்றான் ஆணி. சொன்னவன் நின்றது கதவுக்கு வெளியே. "அண்ணே, எனக்கு அங்க ரம்பம் ஓடிட்டு இருக்கு."

ரம்பம் ஓடவில்லை. ஆணிதான் ஓடினான்.

ஒப்பனைக்காரர் தனியாக நின்றார். செல்போன் அடித்தது. மனைவி.

"சாயங்காலம் வர்றப்ப பல்பு ஒண்ணு வாங்கிட்டு வாங்க. என்ன, மூச்சு வாங்குது?"

"ஒண்ணுமில்ல. ஒருத்தருக்கு டச்சப்."

"மீனுக்கா, மனுஷனுக்கா?"

அவர் பெட்டியைப் பார்த்தார். "தெரியல" என்றார்.

படிகளில் காலடிச் சத்தம் கேட்டது. முதலாளியம்மாவின் செருப்பு முதலில், அதன் பின்னால் சதக் சதக்கென்று வேறொரு நடை. அவர் கையில் கிடைத்த வெள்ளைத் துணியை எடுத்துப் படுத்திருந்தவரின் தலை உச்சி வரை போர்த்தினார்.

"இவங்கதான் அக்கா" என்றாள் முதலாளியம்மா, வாடிக்கையாளருக்கென்று வைத்திருக்கும் கனிந்த குரலில்.

வந்தவள் உயரமாக, கழுத்தைச் சுற்றித் துப்பட்டாவோடு இருந்தாள். அவள் நடந்து வந்த தரையில் ஈரத்தடம். அழுத மாதிரி தெரியவில்லை. ஆனால் பெரிய கண்கள் ஒரு தடவைகூட இமைக்கவில்லை.

"ஏன் முகத்தை மூடி வச்சிருக்கீங்க?" என்றாள்.

"குளிருமேன்னு..." என்றார் ஒப்பனைக்காரர்.

முதலாளியம்மா அவரைப் பார்த்த பார்வையிலேயே கணக்குத் தீர்ந்துவிட்டது தெரிந்தது. அக்கா துணியின் நுனியைப் பிடித்தாள். இனி எதை மறைத்தும் பயனில்லை. போகிற வேலை, உண்மையைச் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று அவருக்குத் தோன்றியது.

"அம்மா, ஒரு நிமிஷம்" என்றார். "தப்பு என் மேலதான். நான் பொழுதுபோக்குக்குப் பொய்மீன் செஞ்சு பெயிண்ட் அடிக்கிறவன். அந்தப் பெயிண்ட் தம்பி மேல பட்டுடுச்சு. தண்ணி போட்டேன், தின்னர் போட்டேன், பவுடர் போட்டேன், சூடு காமிச்சேன். பண்ணப் பண்ண ஜாஸ்தியாத்தான் ஆகுது. இந்த மேடத்துக்கு இதுல சம்பந்தமே இல்ல. என்னைத் திட்டுங்க, அவங்களைத் திட்டாதீங்க."

முதலாளியம்மா நாற்காலியைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா துணியை விலக்கினாள். தலை உச்சியிலிருந்து காலர் வரை தம்பி வெள்ளியாக ஜொலித்தார். அவள் திட்டவில்லை. அழவும் இல்லை. விரலை நாக்கில் நனைத்து, தம்பியின் கன்னத்தில் ஒரு கோடு இழுத்தாள். கோடு போன இடத்தில் செதில் அடங்கி, சாதாரணத் தோலாக ஆனது.

"தண்ணி போட்டேன்னீங்களே, அதோட நிறுத்தியிருக்கலாம்" என்றாள். பிறகு கம்பியில் தொங்கிய பொய்மீன்களை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றைத் தொட்டுத் திருப்பினாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா செவுள் இன்னும் ஒரு நெல்லளவு பின்னால இருக்கணும். இப்படி இருந்தா மூச்சு முட்டும்."

ஒப்பனைக்காரருக்கு இப்போது மூச்சு முட்டியது.

ஜன்னலுக்கு வெளியே எஞ்சின் உறுமி நின்றது. முதலாளியம்மா எட்டிப் பார்த்தாள். சவ வண்டி நிற்க வேண்டிய இடத்தில் ஒரு தண்ணீர் லாரி நின்றுகொண்டிருந்தது.

"தண்ணி நாங்க கேக்கலையே" என்றாள் அவள், பலவீனமாக.

லாரி டிரைவர் உள்ளே வந்தான். வெற்றிலை போட்ட வாயும் தோளில் சுருட்டிய குழாயுமாக, வழக்கமான ஒரு டெலிவரிக்கு வந்தவனைப் போல இருந்தான். பெட்டிக்குள் எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினான்.

"காலைப் பிடிங்க சார், நேரமாகுது. இவங்க பெரிய தம்பியும் போன கோடையில இப்படித்தான் காய்ஞ்சு போயிட்டாரு, டேங்க்குல ஊறப்போட்டதும் பாதி வழியில மூடியைத் தூக்கிக்கிட்டு, மணி என்னப்பான்னு கேட்டாரு."