நெல்லுக்காரச் சம்மந்திக்குக் காலிஃபிளவர் பூடான்

அன்பும் மரியாதையும் மிக்க அக்கா யூலாலிக்கு,

தம்பி ஓவிட் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். என் தலைக்குத்தான் கொஞ்சம் கனம் ஏறியிருக்கிறது. போமான்ட்டில் நீயும் அத்தானும் நலம்தானே?

எனக்குச் சர்க்கரை ஏறியதும் டாக்டர் சோற்றை நிறுத்தச் சொன்னார். பன்றிக்கறியும் ஈரலும் சோறும் பிசைந்து குடலில் அடைத்தால்தான் பூடான் என்று வளர்ந்தவர்கள் நாம். சோற்றுக்குப் பதில் காலிஃபிளவரைத் துருவிப் போட்டால் என்ன என்று எனக்கு ஞானம் பிறந்தது. அது நம் செலஸ்டைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வரும் ஞாயிற்றுக்கிழமையா பிறக்க வேண்டும்? சம்மந்தி கிளோவிஸ், குரோலியில் பரம்பரையாக நெல் போடுகிறவர். "நெல்லுக்காரருக்குச் சோறில்லாத பூடானா? பொண்ணுக்குக் கல்யாணம் நடக்கணுமா வேணாமா?" என்றாள் என் வீட்டுக்காரி வெர்னிஸ். "வித்தியாசமே தெரியாது, நீ சும்மா இரு" என்றேன். துருவலைப் பிழியாமலே அடைத்துவிட்டேன். வெந்நீரில் போட்டதும் ஒவ்வொன்றாகப் படீர் படீரென்று வெடித்து அண்டா முழுக்கக் கஞ்சி. விடுவேனா? அடுத்த ஈட்டுக்கான துருவலை அவளுடைய நல்ல தலையணை உறையில் கட்டி, அதன்மேல் நானே ஏறி உட்கார்ந்து பிழிந்து, அடைத்து, அடுப்பில் ஏற்றிவிட்டு, ஈரல் வாடை போகக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் மேசையில் பூடான் ஆவி பறக்கிறது!

கிளோவிஸ் ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுக் கண்ணை மூடினார். "அடடா, சோறு பொலபொலன்னு இருக்கு சம்மந்தி! நம்ம பக்கத்து நெல்லேதான்!" அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "சோறா? காலிஃபிளவர் சம்மந்தி, காலிஃபிளவர்!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தேன். மனிதருக்கு முகமே செத்துவிட்டது. இன்னொன்றை எடுத்து முகர்ந்தார், தின்றார். "வயசாயிடுச்சு போல. நான் போடுற நெல்லே என் நாக்குக்கு அடையாளம் தெரியலையே" என்றார் மெதுவாக. வெர்னிஸ் இருமிக்கொண்டே சமையலறைக்குள் ஓடினாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். நல்லவேளை, கல்யாணம் பேசி முடிந்தது. ஈஸ்டர் கழிந்து வைத்திருக்கிறோம்.

உனக்கும் சர்க்கரை என்பதால் செய்முறையை இத்துடன் வைத்திருக்கிறேன். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். மாதா உங்கள் அனைவரையும் காக்கட்டும்.

உன் தம்பி,
ஓவிட்

பி.கு.: உறையை ஒட்டுமுன் இதைப் படித்த வெர்னிஸ், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். இரண்டாவது ஈடும் வெடித்ததாம். நான் குளியலறையில் பாடிக்கொண்டிருந்த நேரத்தில் செலஸ்ட் காரில் பறந்துபோய், பெட்ரோல் பங்க் கடையிலிருந்து அசல் சோற்றுப் பூடான் வாங்கி வந்தாளாம். நான் வேறு நாலைந்து தின்று தொலைத்தேன். செய்முறையைக் கிழித்துப் போடு. அது கிடக்கட்டும் அக்கா, நேற்று கிளோவிஸ் போன் செய்து, "பாதி வயலை உழுதுட்டேன் சம்மந்தி, காலிஃபிளவர் நாத்து எங்க கிடைக்கும்?" என்று கேட்டாரே, அவரிடம் நான் எந்த வாயால் சொல்வேன்?